அரை அடி

காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில் இறங்கினேன். பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைக்கும் அறை. பினாயில் வாசனை, ட்யூப் லைட்டின் ரீங்காரம். மொபைல் சிக்னல் அளப்பதுதான் என் பிழைப்பு. போன வருடமும் இதே அறையை நான்தான் அளந்தேன்.

சுவர்களில் பட்டுப் பல வழியாக வரும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும். அங்கே சிக்னல் செத்துப்போகும். அரை அடி தள்ளினால் திரும்ப வந்துவிடும். மூன்றாவது அலமாரி முன்னால் அப்படி ஒரு குழி இருந்தது. எங்கள் வழக்கப்படி அறை முழுவதற்கும் சராசரி போட்டு, 'நன்று' என்று கையெழுத்திட்டேன்.

இரண்டே மாதத்தில், இங்கே நர்ஸாக இருந்த என் மனைவி அந்தக் குழியில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்; பிழைக்கவில்லை. அவள் போனில் எனக்குப் பதினான்கு அழைப்புகள். எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

'யானைக்கும் அடி சறுக்கும்' என்றார்கள் ஆபீஸில். சறுக்கியது நான், விழுந்தது அவள். இன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை.

குழிக்குப் பக்கத்தில் மீட்டரை வைத்துவிட்டுக் கதவோரம் அசையாமல் நின்றேன். வெளியே வராந்தாவின் கோடியில் கூட்டாளி லேப்டாப்போடு இருந்தான்; மீட்டர் காட்டும் சிக்னல் கோடு அவன் திரையிலும் ஓடும். எதையும் முன்கூட்டிச் சொல்வதால் அவனுக்கு ஜோசியர் என்று பெயர். வாக்கி டாக்கியில் கேட்டான்.

"அண்ணே, உள்ள வேற யாரும் இல்லையே? ஆள் நடந்தா கோடு ஆடும்."

"நான் மட்டும்தான்."

மீட்டர் திரையில் கோடு நேராக ஓடியது.

பிறகு சரிந்தது.

நிமிர்ந்து, மறுபடி சரிந்தது.

சரிவுகளுக்கு நடுவே ஒரு இடைவெளி குட்டை, அடுத்தது நெட்டை. முழங்கால் வலியால் என் மனைவி அப்படித்தான் நடப்பாள். 'வாத்து' என்று கேலி செய்வேன்.

"அண்ணே... யாரு நடக்கறது?"

கோடு அடிமட்டத்துக்குப் போய் அங்கேயே நின்றது. எனக்குப் பயம்கூட வரவில்லை.

"அரை அடி தள்ளி நில்லும்மா," என்றேன். "அவ்வளவுதான்."

கோடு ஏறியது.

இந்த முறை சராசரி போடவில்லை. குழியைக் குழி என்றே எழுதினேன். வீட்டுக்கு வந்து, மீட்டரைப் படுக்கையறை மேசையில் வைத்துவிட்டு, மத்தியானமே படுத்துவிட்டேன்.

கோடு சரிந்தது. குட்டை. நெட்டை. குட்டை. கட்டிலருகே நின்றது.

அவளுக்கு இடம் விட்டு, நான் அரை அடி தள்ளிப் படுத்தேன்.

கோடு மெல்ல நிமிர்ந்தது. அதன்பின் ஆடவே இல்லை.