ஆறாம் தேதி இன்னும் முடியவில்லை

பினாங்கில் கப்பல் ஏறிய நேரத்திலிருந்தே ருக்கையாவுக்கு எரிச்சல்தான். மகள் சாயிரா பானுவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் என்று மூன்று தடவை ஆள் மூலம் சொல்லியும் மருமகன் ரவூப் அசைந்து கொடுக்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. கடைசியில் இவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூருக்கு வரும்படி ஆயிற்று. 1919ஆம் வருஷம் பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை.

ரவூப் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. டன்லப் தெருவில் அவன் புதிதாகப் பிடித்திருந்த வீடு முன்னால் அகலம் குறைவு, உள்ளே போகப் போக நீளம். வாசலில் அஞ்சடி என்கிற நடைபாதை, அப்புறம் கூடம், அதற்கப்புறம் ஜன்னலே இல்லாத நடு அறை. அங்கே பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு வேண்டும். அந்த அறையில்தான் மகளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள்.

ருக்கையா உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டாள். பூண்டு, நல்லெண்ணெய், சாம்பிராணிப் புகை, அடியில் லேசாக ரத்தவாடை. ஆறு பெற்றவளுக்கு அந்த வாசனை தெரியாதா? பிள்ளை பெற்ற அறையின் வாசனை அது.

"இங்க யாரு புள்ள பெத்தா?" என்று மகளைக் கேட்டாள்.

யாரும் இல்லை, அறையைக் கழுவிவிட்டுத்தான் குடிவந்தோம் என்றாள் சாயிரா பானு.

அந்த அறையில் சுவரோடு பதித்த அலமாரி ஒன்று இருந்தது. அதன் கதவு மூடி நிற்காது. சாத்திவிட்டுத் திரும்பினால் கிரீச்சென்று திறந்துகொள்ளும். இரண்டு தடவை சாத்திப் பார்த்துவிட்டு, என்ன கேடு என்று ருக்கையா கதவின் உட்பக்கத்தைப் பார்த்தாள். பென்சிலால் இரண்டு வரிசையாக எழுதியிருந்தது. இடப்பக்கம் பிறப்பு, வலப்பக்கம் இறப்பு.

1898 பிப்ரவரி 6, ஆண் பிறப்பு. எதிரே, 1898 பிப்ரவரி 6, தாய் மரணம்.

1904 பிப்ரவரி 6, பெண் பிறப்பு. எதிரே அதே தேதி, பிள்ளை மரணம்.

1911. ஆண் பிறப்பு. பாட்டனார் மரணம். அதுவும் பிப்ரவரி ஆறு.

வீட்டுக்கு வீடு அலமாரிக் கதவில் இப்படிக் குறித்துவைக்கிற வழக்கம் உண்டுதான். ஆனால் மூன்று பிரசவத்துக்கும் ஒரே தேதியா? பக்கத்து வீட்டு ரத்தினம்மாவைப் பிடித்துக் கேட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே குடியிருக்கிறவள். முதலில் மழுப்பினாள். விடாமல் குடைந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மத்த நாள்ல ஒண்ணும் இல்லக்கா. அந்தத் தேதியில இந்த வீட்டுக்குள்ள ஒரு புள்ள பொறந்தாத்தான். அன்னிக்கே உள்ள இருக்கிற ஒரு உசிரு போயிடும்."

ருக்கையா அன்றைக்கே சுண்ணாம்பு கரைத்து அந்தக் கதவுக்கு இரண்டு பூச்சு பூசினாள். மறுநாள் காலையில் சுண்ணாம்பு காய்ந்து பளிச்சென்று இருந்தது. அதன்மேல் எழுத்தும் பளிச்சென்று இருந்தது.

ரவூபிடம் சொன்னால் அவன் சிரிக்கிறான். வியாழக்கிழமை வருகிற ஆறாம் தேதி ஊருக்கே திருவிழா என்றான். நூறு வருஷத்துக்கு முன்னால் அதே நாளில்தான் வெள்ளைக்காரன் சுல்தானோடு ஒப்பந்தம் போட்டு இந்தத் தீவில் கொடி ஏற்றினானாம். இங்கிலாந்து ராஜா ஒருவர் செத்ததும் ஒரு பிப்ரவரி ஆறு. பின்னால் ராணியான அவருடைய தம்பி மகள் பிறந்ததும் ஒரு பிப்ரவரி ஆறு. அண்ணன் மகளோ தம்பி மகளோ, ருக்கையாவுக்கு அந்தத் தேதிதான் காதில் விழுந்தது.

"அரமனையிலயும் இதே கதைதானா?" என்றாள்.

"மாமி, வருசத்துல எந்த நாள எடுத்தாலும் ஒருத்தன் பொறப்பான், ஒருத்தன் சாவான். அதுக்கு அலமாரி என்ன பண்ணும்?"

படித்தவன் பேச்சு. அதற்கு மேல் அவனோடு மல்லுக்கட்டி என்ன பிரயோஜனம்?

புதனும் போயிற்று. வியாழன் விடியற்காலை சாயிரா பானுவுக்கு வலி கண்டது.

ருக்கையா அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள். ரவூப் ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டிருந்தான். பாடாங் திடலில் விழா. கம்பெனித் துரைமார் உட்கார நாற்காலி போட்டுக் காவல் நிற்கிற வேலை அவனுக்கு. ரிக்‌ஷாவில் ஏற்றி மகளை எங்கேயாவது கொண்டுபோகலாம் என்றால், தெருவில் ஒரு ரிக்‌ஷா இல்லை. ஊரே வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. மருத்துவச்சி வீட்டுக்கு ஆள் விட்டால் அவளும் வேடிக்கை பார்க்கத்தான் போயிருக்கிறாளாம். ஆத்திர அவசரத்துக்கு உதவாத ஊர், நூறு வருஷம் இருந்தால் என்ன, ஆயிரம் வருஷம் இருந்தால் என்ன என்று ருக்கையா வாசலில் நின்று திட்டினாள்.

ரத்தினம்மாவின் புருஷன் பாலகிருஷ்ணனைத் திடலுக்கு விரட்டினாள். மாப்பிள்ளையை உடனே வரச் சொல் என்றாள். அவன் கூட்டத்தில் முட்டி மோதிப் போய்த் திரும்பி வந்து, வேலை முடியாமல் வர முடியாதாம் என்றான்.

சரி, பக்கத்து வீட்டுக்காவது போவோம் என்றால் மகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறாள். அடுத்தவர் வீட்டில் போய்ப் பிள்ளை பெறுவது வெட்கமாம்.

"வெக்கமாம் வெக்கம். மானத்தப் பாத்தா உசிரு நிக்குமாடி?"

இழுக்காத குறையாகத்தான் அவளை ரத்தினம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தன் வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மத்தியானத்துக்கு மேல் மருத்துவச்சி வந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது இப்போதைக்கு இல்லை, பொழுது சாயும் என்றாள். ருக்கையாவுக்கு அது தேனாக இனித்தது. சாயட்டும், நன்றாகச் சாயட்டும்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

கிரீச்.

பூட்டிய வீட்டில் அலமாரிக் கதவு திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

யாரோ வருகிறவருக்காகக் காத்திருந்து அலுத்துப்போய்க் கதவை ஆட்டுவது மாதிரி இருந்தது. முதலில் நிதானமாக இருந்த சத்தம் மூன்று மணிக்கெல்லாம் வேகம் பிடித்தது. நான்கு மணிக்குப் படார் படாரென்று அடித்தது. ரத்தினம்மா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சாமி படம் ஆடியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மருத்துவச்சி மட்டும் வெற்றிலையை மெல்வதை நிறுத்தியிருந்தாள்.

பொழுது சாய்ந்து, தெருக்கோடிப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

சத்தம் நின்றுவிட்டது.

ருக்கையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மஃரிப் ஆகிவிட்டால் அந்த நாள் கழிந்தது, அடுத்த நாள் பிறந்தது. அப்படித்தான் அவள் வாப்பா கணக்கு, அவருடைய வாப்பா கணக்கு. வியாழன் போய்விட்டது. இது வெள்ளி ராவு. பரக்கத்தான நல்ல ராவு. நோன்பு, பெருநாள், கத்தம், ஃபாத்திஹா, எதற்கும் அவள் வேறு கணக்கில் நாள் பார்த்ததில்லை. தொழுதுவிட்டு எழுந்து, கெட்ட நாளைத் தாண்டிவிட்டோம் என்று ரத்தினம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சாயிரா பானு என் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள் உம்மா என்று கெஞ்சினாள். காலையிலிருந்து அந்தப் பிள்ளையை எவ்வளவு வைதிருக்கிறோம் என்று ருக்கையாவுக்கு மனம் இளகியது. கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெண் குழந்தை, சுகப்பிரசவம். மூக்கும் முழியும் அப்படியே ரவூப். ருக்கையாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையின் காதில் தகப்பன் பாங்கு சொல்ல வேண்டுமே. மறுபடியும் பாலகிருஷ்ணனைக் கூப்பிட்டாள்.

"ஓடு தம்பி. புள்ள பொறந்துடுச்சு, ஒடனே வீட்டுக்கு வரச் சொன்னேன்னு மாப்புள்ளகிட்ட சொல்லு. வராம இருந்தாருன்னா நானே அங்க வருவேன்னு சொல்லு."

மருத்துவச்சி போன பிறகு, குழந்தையைச் சுற்றப் பழந்துணி எடுக்க அலமாரிப் பக்கம் போனாள். கதவு திறந்தே இருந்தது.

இடப்பக்கம், மூன்று வரிக்குக் கீழே நான்காவது வரி.

1919 பிப்ரவரி 6, பெண் பிறப்பு.

ஏழு இல்லை. ஆறு.

எதிரே வலப்பக்கம் வெறுமையாக இருந்தது.

திடல் பக்கமிருந்து வாணவெடிச் சத்தம் வந்தது. விழா இன்னும் நடக்கிறது. நடு ராத்திரி பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் வெள்ளைக்காரனுக்கு ஆறாம் தேதிதான். இதை எழுதுகிறது எதுவோ, அதற்கும் ஆறாம் தேதிதான். மஃரிபாவது மண்ணாங்கட்டியாவது, அது ருக்கையாவின் வாப்பாவிடம் கணக்குப் படிக்கவில்லை. பகல் முழுக்கப் போராடிவிட்டு, இப்படித் தானே கொண்டுவந்து கொடுத்தோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வெண்ணெய் திரளும்போது தாழியைப் போட்டு உடைத்தது வேறு யாருமில்லை, அவளேதான்.

யோசிக்க நேரமில்லை. குழந்தையை ரத்தினம்மாவிடம் கொடுத்துவிட்டு, மகளைத் தோளில் சாய்த்து, ரத்தம் சொட்டச் சொட்ட மறுபடியும் பக்கத்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து வீட்டைப் பூட்டினாள். உள்ளே மனித வாடை கிடையாது. எடுக்கட்டும், முடிந்தால் மூட்டைப்பூச்சியை எடுக்கட்டும் என்று பூட்டைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு ரவூபை மறிப்பதற்காக அஞ்சடியிலேயே உட்கார்ந்தாள். எட்டரை மணி ஆயிற்று. மருமகனைக் காணோம். கூப்பிடும்போது வரமாட்டார், இப்போதும் வராமலே இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல்தடவையாக வேண்டிக்கொண்டாள்.

ஒன்பது மணி வாக்கில் ரத்தினம்மா உள்ளேயிருந்து கத்தினாள். சாயிரா பானுவுக்கு மயக்கம் வந்து கண் செருகிவிட்டது. ருக்கையா ஓடினாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, உள்ளங்காலைத் தேய்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் கண் திறப்பதற்குள் ஐந்து நிமிஷம் போயிருக்கும்.

அந்த ஐந்து நிமிஷம்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்கியது.

ருக்கையா மகளின் பக்கத்தில் பார்த்தாள். பிள்ளை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து ரவூபின் குரல் கேட்டது. தணிந்த குரல். பிஞ்சுக் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி, ஆசை ஆசையாக, அவன் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனிடம் இன்னொரு சாவி இருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாப்புள்ள, வெளிய வாங்க," என்று சுவரில் அறைந்தாள். குரல் நிற்கவில்லை. தெருவுக்கு ஓடினாள். பூட்டு திறந்து தொங்கியது. கூடத்தைத் தாண்டுவதற்குள், பாதிப் பாங்கில் குரல் அறுந்தது.

ரவூப் அலமாரிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் மார்பருகே வளைந்து எதையோ ஏந்தியிருந்தன. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. கைக்குள் ஒன்றுமில்லை.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். பாலகிருஷ்ணன் அஞ்சடியில் உட்கார்ந்து அழுதான். தகவலைச் சொல்லிவிட்டு வாணவேடிக்கை பார்க்க நின்றுவிட்டானாம்.

"நீங்க சொன்னதத்தான்க்கா சொன்னேன். ஒடனே வீட்டுக்கு வரச் சொன்னாங்கன்னு. அவரு வேலையக்கூட விட்டுட்டு ஓடினாரு."

ருக்கையா அவனைத் திட்டவில்லை. மூன்று தடவை சொல்லியும் மகளை அனுப்பாத பிள்ளை, காலையில் கூப்பிட்டும் வராத பிள்ளை. கடைசியில் அவள் பேச்சைக் கேட்ட ஒரே நாள் அது.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், மகளுடைய துணிமணியை எடுக்க ருக்கையா தனியாக அந்த அறைக்குப் போனாள். விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். வலப்பக்கம் நிரம்பியிருந்தது.

1919 பிப்ரவரி 6, தகப்பன் மரணம்.

மாதா மாதம் பினாங்குக்கு வந்த கடிதங்களில் அவள் பார்த்துப் பழகிய எழுத்து அது. ரவூப் தன் கையாலேயே, கிராணிக்கு உரிய ஒழுங்கோடு, கோணாமல் எழுதியிருந்தான்.

அவள் துணியை அள்ளிக்கொண்டு திரும்பினாள். அறையில் யாரும் இல்லை. காதோரத்தில் லேசாக மூச்சுக் காற்று பட்டது. வலது காதில், மிக மெல்ல, மிக அன்பாக, விட்ட இடத்திலிருந்து பாங்கு தொடர்ந்தது.