நின்ற இடத்தில் நூற்றி அறுபது

போன் அலறியது!

தலைவர் சட்டென்று ஒர்க்‌ஷாப்பின் கழிவறைக்குள் பாய்ந்தார். தாழ்ப்பாள் போட்டார். குழாயைத் திறந்துவிட்டார். பிறகுதான் போனைக் காதில் வைத்தார்.

"சாவி பேசறேன் சார்."

சாவி... கார் திருடன். ஊரில் அவன் திறக்காத கார்க் கதவே கிடையாது.

"எங்கேய்யா இருக்கே?"

"பின் சுவருக்கு வெளியே. எந்த வண்டி?"

"சிவப்பு. கதவுல நெருப்பு ஸ்டிக்கர். சாவி வண்டியிலேயே இருக்கு. எல்லாரும் டீ குடிக்கப் போனதும் எடுத்துட்டுப் பறந்துடு."

"கூலி?"

"வண்டியே உனக்குத்தான்யா! நானூறு குதிரை சக்தி! வெளியூர்ல கொத்திட்டுப் போவாங்க."

"நானூறா!" எதிர்முனையில் எச்சில் விழுங்கும் சத்தம். "சரி சார். தொழிலுக்கு இறங்கிட்டா போனை அணைச்சிடுவேன். அப்புறம் கூப்பிடாதீங்க."

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சொந்தக் காரைத் திருட ஆள் வைத்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். வேறு வழி? பத்து வருடமாக வேக வேந்தர்கள் கழகத்தின் தலைவர். காரணம் அந்த நானூறு! சாப்பிடும்போதுகூடப் பந்தயக் கையுறையைக் கழற்றாதவர். அந்த நானூற்றை யாரும் அளந்து பார்த்ததில்லை.

இன்று அளக்கப் போகிறார்கள்!

கழகத்தின் குடும்ப ஒன்றுகூடல். ஒர்க்‌ஷாப்பில் புதிதாக ஒரு டைனோ. தரையில் இரண்டு பெரிய உருளைகள். அவற்றின்மேல் காரின் சக்கரங்களை ஏற்றி, பெல்ட் போட்டுக் கட்டிவிடுவார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், கார் இம்மியும் நகராது. இன்ஜினின் உண்மையான சக்தி மட்டும் பெரிய திரையில் வந்து நிற்கும்.

உண்மை வந்தால் தலைவர் நாற்காலி போகும். அதில் உட்காரத் துடித்துக்கொண்டிருப்பவர் உபதலைவர்.

தலைவர் வெளியே வந்தார்.

திடுக்கிட்டார்!

வெளியே மரத்தடியில் நிற்க வேண்டிய சிவப்புக் கார்... டைனோமேல் நின்றது! மெக்கானிக் கடைசி பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"எ... என்னய்யா இது?"

"தலைவருக்குத்தானே முதல் மரியாதை!" உபதலைவர் சிரித்தார். "நானேதான் ஏத்தச் சொன்னேன். என்ன தலைவரே, வேர்க்குது?"

"இது... இன்ஜின் சூடு. தள்ளி நின்னாலும் தாக்குது."

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலியே?"

தலைவர் திரும்பி நின்று சாவிக்குப் போன் போட்டார்.

அணைக்கப்பட்டிருந்தது!

"மெஷின் ரெடி சார்!" மெக்கானிக் குரல் கொடுத்தார். "மிதிச்சா போதும், அதுவே அளந்துக்கும்."

"முதல்ல டீ!" தலைவர் அலறினார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. டீ என்பது திருடனுக்கான நேரம்!

கூட்டம் முற்றத்துக்கு நகர்ந்தது. தலைவர் மட்டும் திரும்பி ஓடப் பார்த்தார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, டீயைக் கேட்டுட்டு எங்கே ஓடறீங்க?"

"விடுடி! உயிர் போற விஷயம்!"

"உயிர் எங்கேயும் போகாது. சூடா இருக்கு, ஊதிக் குடிங்க."

உர்ர்ர்ரூம்ம்ம்!

ஒர்க்‌ஷாப்பே அதிர்ந்தது!

"திருடன்! திருடன்!" யாரோ வீறிட்டார்கள்.

எல்லோரும் டீ டம்ளரோடு உள்ளே ஓடினார்கள். தலைவரின் காருக்குள் முகமூடி போட்ட ஒருவன்! ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். கண்கள் பின்பார்வைக் கண்ணாடியை விட்டு விலகவில்லை. துரத்துகிறவர்களைப் பார்த்தே வண்டி ஓட்டிப் பழகியவன். குளிர்விக்க வைத்திருந்த ராட்சத மின்விசிறி அவன் முகத்தில் காற்றை வாரி அறைந்தது.

பாவி, பறப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தான்!

வேகமுள் ஏறியது. நூறு... நூற்றி முப்பது... நூற்றி அறுபது!

உபதலைவர் நிதானமாகப் போய் ஜன்னலைத் தட்டினார். சாவி திரும்பினான். அரண்டு போனான்.

"சார்! நூத்தி அறுபதுல போறேன்... எப்படி சார் கூடவே வர்றீங்க? டீ கூட சிந்தலியே!"

"தம்பி, முன்னாடி பாரு."

பார்த்தான். ஏறும்போது எதிரே இருந்த அதே தண்ணீர்த் தொட்டி, அதே இடத்தில்.

இன்ஜின் அடங்கியது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மெஷின் அளந்து முடித்திருந்தது.

எண்பத்து மூன்று!

திருடன் காரிலிருந்து குதித்தான்.

முகமூடிக்குள்ளிருந்து கத்தினான். "எண்பத்தி மூணா? நானூறுன்னு சொல்லித்தானே திருட வரச் சொன்னீங்க! அநியாயமா ஏமாத்திட்டீங்களே தலைவரே!"

"தலைவரேவா?" உபதலைவர் துள்ளினார். "உங்க வண்டியைத் திருட நீங்களே ஆள் வெச்சீங்களா?"

தலைவர் கையுறையை மெல்லக் கழற்றினார்.

மனைவி பெருமூச்சு விட்டாள். "ஏத்தம் வரும்போதெல்லாம் என்னை இறக்கி விடுவாரே, அப்பவே சந்தேகப்பட்டேன்."

"கூப்பிடுங்கய்யா போலீஸை!" உபதலைவர் முழங்கினார். "இன்னியிலேர்ந்து நான்தான் தலைவர்!"

மெக்கானிக் பெல்ட்டைத் தளர்த்தியபடியே கேட்டார்.

"அடுத்து உங்க வண்டிதானே சார்? ஏத்திடலாமா?"

உபதலைவரின் முகத்தில் ரத்தம் வற்றியது. "போலீஸ் எதுக்குங்க... பாவம், பிழைக்கத் தெரியாத பையன்." சாவியின் தோளில் கை போட்டுத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். குரல் கீழே இறங்கியது. "தம்பி... நீல வண்டி. வெளியேதான் நிக்குது. உடனே எடுத்துட்டுப் போயிடறியா?"

"என்னுது வெள்ளை!" பின்னால் இன்னொரு குரல்.

"தம்பி, முதல்ல என்னுதைக் கவனி!"

கழகமே சாவியைச் சுற்றி மொய்த்தது! சாவி தூண் திண்டின்மேல் ஏறி நின்றான். முகமூடியைக் கழற்றி விசிறிக்கொண்டான்.

"தொழில்ல ஒரு தடவைதான் ஏமாறுவேன். எண்பத்தி மூணுக்கு மேல இருக்கிற வண்டிக்காரங்க மட்டும் நில்லுங்க!"

ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியாக... உபதலைவர்!

தலைவர் நிமிர்ந்தார். கையுறையை இழுத்து மாட்டினார்.

"அப்போ... இங்கே நான்தான்யா அதிகம்! யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

நழுவியவர்கள் தூரத்திலிருந்தே கை தட்டினார்கள்.

நாற்காலி தப்பியது! பூரித்துப்போன தலைவர், சாவியின் முதுகில் தட்டினார்.

"நல்லது பண்ணேய்யா! வா, என் வண்டியிலேயே உன்னைக் கொண்டுபோய் விடறேன்."

சாவி இரண்டடி பின்வாங்கிக் கைகூப்பினான்.

"வேணாம் தலைவரே... எனக்கு அவசரம். நடந்தே போயிடறேன்!"