கல்மேட்டின் மறுபக்கம்

துணி துவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் நின்ற மாமரத்தில் யாரோ கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் திறந்தார்கள். லைமா கையில் ஈரத்துண்டோடு திரும்பிப் பார்த்தாள். மரத்தடியில் கூடாரம் இல்லை. பயணிகள் வண்டி நிறுத்தித் தங்கும் அந்தக் கேரவன் பூங்கா முழுவதிலுமே கூடாரம் எதுவும் இல்லை. நவம்பர் வெக்கை தொடங்கியதும் வந்தவர்கள் எல்லோரும் தெற்கே போய்விட்டிருந்தார்கள். புல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. உதிர்ந்த மாம்பழங்கள் வெயிலில் புளித்து நாறின. மறுபடியும் ஜிப் திறந்தது, இந்த முறை மெதுவாக, பாதி வழியில் சிக்கி நின்று, பிறகு வெடுக்கென்று விடுபட்டு. அவர்களுடைய கூடாரத்தின் ஜிப் அதே இடத்தில்தான் சிக்கும்.

அவர்கள் என்றால் அவளும் தம்பி மாதிஸும். லாட்வியாவின் குளிர்ந்த கடற்கரை ஊரிலிருந்து முதுகுப்பையோடு கிளம்பி, பிரிஸ்பேனில் இறங்கி, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டே வடக்கு நோக்கிப் போனவர்கள். மாந்தோப்பில் காய் பறித்தார்கள், பாய்மரப் படகு கழுவினார்கள், மணலில் தூங்கி மணற்பூச்சி கடித்துத் தடித்த கால்களைச் சொறிந்துகொண்டே சிரித்தார்கள். போன வருடம் இதே வெக்கையில், இதே பூங்காவில் தங்கியிருந்தபோது, ஒரு மதியம் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று மாதிஸ் போனான். அவனுடைய ரப்பர் செருப்பும் துண்டும் கடற்கரையில் கிடந்தன. முதலையோ நீரோட்டமோ இழுத்துப் போயிருக்கும் என்று போலீஸார் முடிவுகட்டினார்கள். ஹெலிகாப்டர் கடலின் மேலேயே சுற்றியது. பிறகு அதுவும் வரவில்லை.

லைமாவால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. இன்னிஸ்ஃபெயிலில் வாழைத்தார் சுமந்தாள், கெய்ர்ன்ஸ் விடுதிகளில் படுக்கை விரித்தாள், குக்டவுனில் மழை முழுக்க ஒரு மீன்கடையில் வேலை பார்த்தாள். போனில் அம்மா ஒவ்வொரு தடவையும் "எப்ப வர்றே?" என்று மட்டும் கேட்பாள். இப்போது விசா முடியப்போகிறது. விமானம் ஏறுவதற்கு முன் ஒருமுறை அந்தக் கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் இங்கே வந்து இறங்கினாள்.

"பயந்துட்டியா? பறவைதான் அது." பூங்காவை நடத்தும் டாரல், தோட்டக் குழாயைச் சுருட்டியபடி கொட்டகை ஓரம் வந்து நின்றார். "காதுல விழறதையெல்லாம் பிடிச்சு வெச்சுக்கும். என் லாரி பின்னால வர்ற மாதிரி பீப் பீப்னு கத்தும். நானே ஒரு தடவை ஒதுங்கி நின்னிருக்கேன், என் பொண்டாட்டி பார்த்துட்டு ஒரு வாரம் சிரிச்சா."

கிளைக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒன்று அசைந்தது. மைனாவைவிடப் பெரியது. பார்க்க ஒன்றுமே விசேஷமில்லை.

மதியம் டாரலின் மனைவி நோலீன் அவளை அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த சமையலறைக்குக் கூப்பிட்டு, பீட்ரூட் வைத்த சாண்ட்விச்சும் தேநீரும் கொடுத்தாள். டாரலும் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றிய காற்றும் சூடாகத்தான் இருந்தது.

"சாப்பிடு கண்ணு. இடுப்பு எலும்பு தெரியுது," என்றாள் நோலீன். "அந்தப் பறவையை இவர் திட்டுவார். எனக்குப் பிடிக்கும். எங்க நாய் பிஸ்கட் செத்து மூணு வருஷமாச்சு. அது குலைக்கிற மாதிரியே குலைக்கும். சாயங்காலம் நான் போய் மரத்தடியில சும்மா உக்காந்துக்குவேன்."

"இவளுக்கு நாயும் வேணாம், புருஷனும் வேணாம். பறவை இருந்தாப் போதும்," என்றார் டாரல்.

"உங்களை மாதிரிக் குறட்டை விடக் கத்துக்காம இருந்தாச் சரி." நோலீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா புதுசா ஒண்ணு பிடிச்சிருக்கு, போன மழைக்கு அப்புறமா. எங்கேருந்து பிடிச்சுதுன்னே தெரியல. பறவைச் சத்தமும் இல்ல, மெஷின் சத்தமும் இல்ல." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, உதட்டைக் குவித்து, அந்தச் சத்தத்தைச் செய்துகாட்டினாள். "தே எஸ்மு. தே எஸ்மு. இப்படி."

லைமாவின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது.

அது அவளுடைய மொழி. நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம்.

"உங்க ஊர்ப் பாஷை மாதிரி இருக்கோ?" என்று நோலீன் விளையாட்டாகக் கேட்டாள்.

"தெரியல," என்றாள் லைமா. வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவன் இங்கே ஒரு வாரம் இருந்தான். ராத்திரி கழிவறையிலிருந்து வரும்போது இருட்டில் அவள் பயப்படக் கூடாதென்று தூரத்திலிருந்தே அப்படிக் குரல் கொடுப்பான். பறவை அப்போது கேட்டிருக்கும். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் நோலீன் செய்துகாட்டிய விதம் அவளை விடவில்லை. இருட்டில் குரல் கொடுப்பவன் ஒருமுறை சொல்வான், இரண்டுமுறை சொல்வான். ஒரு பறவை ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள அதை எத்தனை தடவை கேட்க வேண்டும்?

வெயில் சற்றுத் தாழ்ந்ததும் மாமரத்தடிக்குப் போய் நின்றாள். பறவை லாரியாகப் பின்வாங்கியது. நாயாகக் குலைத்தது. பிறகு மாதிஸின் குரலில் அந்த இரண்டு சொல்லையும் சொன்னது. மூக்கடைத்த மாதிரியான அந்தக் குரலை அவள் ஒரு வருடமாகக் கனவில்கூடக் கேட்கவில்லை. அழுகை வரவில்லை. இன்னொரு தடவை சொல்லேன் என்று கெஞ்சத்தான் தோன்றியது.

சொன்னது. ஆனால் மாமரத்திலிருந்து அல்ல.

வேலிக்கு அப்பால், பூங்காவுக்கும் கடலுக்கும் நடுவே நின்ற கல்மேட்டின் அடிவாரத்தில் இன்னொரு பறவை சொன்னது.

டாரல் வேலிக்கதவருகே அவளை நிறுத்தினார். "மேட்டுக்கா போறே? தண்ணி எடுத்துக்கோ. ஓடைப் பக்கம் மட்டும் இறங்காதே, முதலை கெடக்கும்." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "உன் தம்பியை நானும்தான் தேடுனேன். மூணு நாள். கரையோரம் பூரா நடந்தேன். கடல்லதான்னு அவங்க அடிச்சுச் சொன்னாங்க," என்றார்.

"தெரியும்," என்றாள் லைமா. "நீங்க தேடினது தெரியும்."

"இருட்டுறதுக்குள்ள வந்துரு."

கல்மேடு என்பது வீடு வீடளவு பாறைகளைக் கொண்டுவந்து கொட்டியதுபோல இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்க, இடுக்குகளில் கொடிகள் பின்னிக் கிடந்தன. வெயிலில் வெந்த யூகலிப்டஸ் இலையின் மருந்து வாடையும், உள்ளே எங்கோ தொங்கிய வௌவால்களின் மூத்திர நாற்றமும், மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த உப்புக்காற்றும் கலந்து மூச்சை அடைத்தன. பாறை இன்னும் சுட்டது. கை வைத்து ஏறும்போது உள்ளங்கை எரிந்தது. காலுக்குக் கீழே, பாறைக்கும் பாறைக்கும் நடுவே, ஒரு ஆள் இறங்கக்கூடிய கறுப்புப் பிளவுகள் வாயைத் திறந்திருந்தன. அவற்றிலிருந்து மட்டும் குளிர்ந்த காற்று வந்தது.

அடிவாரத்துப் பறவைக்கு மாமரத்துப் பறவையைவிட அதிகம் தெரிந்திருந்தது. அது அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னது. லைமின் என்று. வீட்டில் அவளைக் கூப்பிடும் செல்லப் பெயர் அது. இந்தக் கண்டத்தில் அந்தப் பெயரை அறிந்தவன் அவன் ஒருவன்தான். "லைமின், இங்கதான் இருக்கேன்." விளையாட்டாகச் சொன்ன குரல் இல்லை. யாரையோ தூரத்திலிருந்து கூப்பிட்ட குரல்.

அவள் திரும்பியிருக்கலாம். டாரலைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அந்த நினைப்பு வந்துபோனது. ஆனால் சற்று மேலே இன்னொரு குரல் கேட்டது, அவள் ஏறினாள்.

மூன்றாவது பறவை முதலில் கல்லைக் கல்லில் தட்டும் சத்தத்தை எழுப்பியது. டக். டக். டக். நிறுத்தி, மறுபடியும் டக். டக். டக். பிறகு அதன் தொண்டையிலிருந்து வேறொரு சத்தம் வந்தது, மிக மெல்லிய படபடப்பாக. அது வளர்ந்தது. நெருங்கியது. அது என்னவென்று லைமாவுக்குப் புரிந்தது. ஹெலிகாப்டர். பறவையின் தொண்டைக்குள் ஹெலிகாப்டர் வந்தது, தலைக்கு மேலே போனது, கடல் பக்கம் தேய்ந்து மறைந்தது. அது முழுவதும் தேய்ந்த பிறகு மாதிஸ் பேசினான்.

"இங்க. இங்க. இங்க."

பிறகு, தணிந்த குரலில், "காலு மாட்டிக்கிச்சு. எடுக்க முடியல."

லைமா பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மூன்று நாளும் அவள் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கூசக் கூசப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலைச்சத்தமும் காற்றும் காதை நிறைத்திருந்தன. முதுகுக்குப் பின்னால் இந்த மேடு இருந்தது. இதன் பாறைகளுக்கு நடுவே அவன் உயிரோடு இருந்தான். செருப்பையும் துண்டையும் மணலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு, ஏறிப் பார்க்கலாமென்று வந்திருக்கிறான். அவ்வளவுதான். கத்தியிருக்கிறான். பறவைகள் மனப்பாடம் செய்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறான்.

"மாதிஸ்," என்று கூப்பிட்டாள். எதற்கென்று தெரியவில்லை. குரல் கிழிந்து வந்தது.

மேடு அமைதியானது. பூச்சிகள்கூட நின்றன.

பிறகு அடிவாரத்திலிருந்து ஒன்று சொன்னது. தே எஸ்மு. மேலே ஒன்று. தே எஸ்மு. வலப்பக்கம். பின்னால். கொடிக்குள்ளிருந்து. உச்சிக்கு அந்தப் பக்கமிருந்து. எல்லாம் ஒரே குரல். எல்லாம் அவன்.

அவள் ஓடினாள். கீழே அல்ல, மேலே. முழங்கால் பாறையில் உரசித் தோல் போனது. உச்சியைத் தாண்டினாள். மறுபக்கம் நிழல் விழுந்திருந்தது. கீழே கடல் ஈயத் தகடுபோலக் கிடந்தது. வெளிச்சம் சுருங்கிக்கொண்டே வந்தது. அங்கே ஒரே ஒரு பறவை பேசிக்கொண்டிருந்தது. சத்தமாக அல்ல. பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி.

இறங்கினாள். ஒரு பாறை. இன்னொரு பாறை.

ஒரு பிளவு.

குறுகலானது. ஆழம் தெரியவில்லை. அதன் விளிம்பில் மாதிஸின் நீலச் சட்டைத் துணி வெளுத்து, கொடியோடு கொடியாகப் பின்னிக் கிடந்தது. லைமா அதைத் தொடவில்லை. உள்ளே எட்டியும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

பிளவை ஒட்டி, ஒரு புதரின் கீழே, தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. நடுவில் காய்ந்த குச்சிகளை இரண்டு வரிசையாக நட்டு, நுனிகள் ஒன்றையொன்று தொடும்படி வளைத்து, குழந்தைகள் கட்டும் பந்தல்போல ஒரு சிறிய வாசல். ஆண் பறவை தன் துணையைக் கவர்ந்து வரவேற்கக் கட்டியது. வாசலுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாகப் பரப்பியிருந்தது. நத்தைக் கூடுகள். கடல் தேய்த்த கண்ணாடித் துண்டுகள். அவற்றுக்கு நடுவே, அளவு பார்த்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய விரல் எலும்புகள்.

பறவை வாசலிலிருந்து வெளியே வந்தது. அவளைக் கண்டு பயப்படவில்லை. அலகில் சின்னதாக, வெள்ளையாக ஒன்றை வைத்திருந்தது. கழுத்தைத் திருப்பி, பிடரியில் மறைந்திருந்த ஊதா நிற இறகுகளை விசிறிபோல விரித்துக் காட்டியது. அதற்கு ஒரு தாளம் இருந்தது. இரண்டு எட்டு முன்னால், இரண்டு எட்டு பின்னால். அலகிலிருந்ததை அவள் பாதத்தின் அருகே வைத்தது. நிமிர்ந்தது.

அதன் தொண்டையிலிருந்து மாதிஸ் பேசினான். நாக்கு வறண்டு, வார்த்தை ஒட்டி ஒட்டி வந்தது. ஆனால் அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. கதவு திறந்து யாரோ உள்ளே வருவதைக் கண்டவனின் சந்தோஷம்.

"அக்கா. வந்துட்டியா."

பிறகு ஒரு சின்னச் சிரிப்பு.

"எனக்குத் தெரியும், நீ வந்துருவேன்னு."

அவன் யாரைப் பார்த்து அப்படிச் சொன்னான்? எந்த நாளில், எந்த வேளையில், பிளவின் மேலே யார் வந்து நின்றதாக நினைத்தான்? லைமாவின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அவளுக்கே தெரியாத சத்தம். மண்டியிட்டு, நெற்றியைச் சூடான பாறையில் வைத்து, அவள் அழுதாள். மூச்சு திணறித் திணறி, நீளமாக, விலங்கைப்போல.

பறவை ஆட்டத்தை நிறுத்தியது. தலையை ஒரு பக்கம் சாய்த்து அவளைக் கவனித்தது. அவள் ஓயும்வரை அசையாமல் நின்றது.

பிறகு, மிக மெதுவாக, முதல் சில மூச்சுகளை மட்டும், அவள் அழுததைச் சொல்லிப் பார்த்தது.