சாமி மேடையில் வைத்த போன்

விளக்கின் சுடர் போன் பக்கமாகச் சாய்ந்து நின்றது. மின்விசிறியை அம்சவள்ளி அப்போதுதான் நிறுத்தியிருந்தாள், சன்னலும் சாத்தியிருந்தது, சாம்பிராணிப் புகைகூட நேராகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. சுடர் மட்டும் முருகன் படத்துக்கு முன்னால் கிடந்த மகளின் போனை எட்டிப் பார்ப்பதுபோல் வளைந்திருந்தது. திரி சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூண்டிவிட்டாள். தூண்டிய பிறகும் அது அந்தப் பக்கமே சாய்ந்தது.

போனைச் சாமி மேடையில் வைப்பது அவளுடைய யோசனைதான். பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் படிக்கும் ஷாமளா வகுப்பில் மேசைமேல் தலைவைத்துத் தூங்குகிறாள், ராத்திரியெல்லாம் போனும் கையுமாக இருக்கிறாள் என்று கூப்பிட்டனுப்பிய கவுன்சலிங் டீச்சர் பொறுமையாகத்தான் சொன்னார். அடிக்காதீர்கள், பிடுங்காதீர்கள், தினமும் ஒரே நேரத்தில், வீட்டில் எல்லாரும் மதிக்கிற இடத்தில் பிள்ளையே கொண்டுபோய் வைக்கட்டும், யாரோடு பேசுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்றார். கேட்கிற வேலையை மட்டும் அம்சவள்ளி நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்குப் பேச்சா வரும்? பீடோங்கில் தாமான் குடியிருப்பில் இருந்த அந்த வரிசை வீட்டில் எல்லாரும் மதிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எவ்வளவு திமிர் பிடித்த பிள்ளையும் சாமி மேடையில் கைவைக்காது.

முதலில் வீடு போர்க்களமானது. தட்டு பறந்தது. கதவு அதிர்ந்தது. "ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா! குடுத்துருங்க!" என்று ஷாமளா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு வாசுகி வேலியோரம் வந்து நின்றாள். "வாய மூடுடி சனியனே," என்று அம்சவள்ளி பதிலுக்குக் கத்தினாள். பிறகு ஒருநாள் எல்லாம் அடங்கிப்போனது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஷாமளா தானாகவே கால் கழுவிவிட்டு வந்து, போனை மேடையில் வைத்து, கைகூப்பி நின்றாள்.

"எப்படிக்கா மடக்குனீங்க? எம் பையன்கிட்ட போன வாங்குனா வீட்டையே கொளுத்திருவான் லா," என்றாள் வாசுகி.

"கண்டிப்பா இருந்தா எல்லாம் வழிக்கு வரும்," என்றாள் அம்சவள்ளி. ஜொகூருக்கு லாரி ஓட்டிப் போயிருந்த கணவன் புவனேசனிடமும் இதையே பெருமையாகச் சொன்னாள்.

சுடர் சாய்ந்த நாளிலிருந்து அவளுக்குச் சொந்த வீடே பிடிக்காமல் போனது. வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால் மல்லிகையும் சாம்பிராணியும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது, சன்னல் திறக்காத அறையில் குளிக்காமல் படுத்துக் கிடக்கும் ஆளின் வாடை, அழுக்குத் தலையணையின் வாடை, அது மேடையை நெருங்க நெருங்கக் கனத்தது. பின்னால் செம்பனைக் காட்டில் மழை இறங்கும் சாயங்காலங்களில், தகரக் கூரை சத்தம் ஓயும் இடைவெளியில், மேடையிலிருந்து யாரோ எச்சில் கூட்டி விழுங்குவது கேட்டது. படங்களுக்குச் சார்த்திய பூவெல்லாம் உதிர்ந்து போனைச் சுற்றியே கிடந்தது. அவள் பயந்தாள். பயந்ததால் இன்னும் உரக்க மணியடித்தாள், இன்னும் அதிகமாகச் சூடம் கொளுத்தினாள், "வந்து எம் புள்ளையக் காப்பாத்து" என்று வாய்விட்டு வேண்டினாள்.

மகளோ இளைத்துக்கொண்டே வந்தாள். சோற்றைப் பிசைந்தாளே தவிர சாப்பிடவில்லை. அன்று மழை வலுத்து, மின்சாரம் போய், மெழுகுவத்தி வெளிச்சத்தில் எதிரெதிரே உட்கார்ந்தபோதுதான் அம்சவள்ளி கேட்டாள்.

"யாருகூடடி பேசிக்கிட்டிருந்த?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"சொல்லுடி."

"ஒரு அண்ணன். கேம்ல வந்தாரு. மொகம் காட்ட மாட்டாரு." ஷாமளாவின் குரலில் கோபம்கூட இல்லை. "ஒங்க வீட்டுக்கு வரட்டுமான்னு மட்டும் கேப்பாரு. ராத்திரியெல்லாம் கேப்பாரு. பதில் வரலன்னா சரின்னு எடுத்துக்குவேன்னு சொன்னாரு. அதனால முழிச்சிருந்து வராதீங்க, வராதீங்கன்னு அனுப்பிக்கிட்டே இருந்தேன். அந்த ஒரு வேலதான்மா பாத்தேன்."

அம்சவள்ளி மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க போன வாங்கி வச்சுட்டீங்க. அப்புறம் மணியடிச்சு, சூடம் காட்டி, வா வான்னு நீங்களே கூப்பிட்டீங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

அம்சவள்ளி எழுந்து ஓடினாள். மேடையிலிருந்த போன் அணைந்துதான் கிடந்தது, ஆனால் உடம்புச் சூட்டில் இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு மழையில் வாசலுக்கு ஓடி, நிரம்பி ஓடிய சாக்கடையில் வீசினாள். செம்மண் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது. இனிமேல் தினமும் பேசுவேன், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன், பிள்ளை பிழைத்தால் போதும் என்று அழுதுகொண்டே உள்ளே வந்தாள்.

ஷாமளா மேடைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"அவரு போன்ல இல்லம்மா இப்ப," என்றாள்.

மெழுகுவத்தி அணைந்தது. மேடை விளக்கும் அணைந்தது. இருட்டில் மகள் விழும் சத்தம் கேட்டது. அம்சவள்ளி தரையில் தடவித் தேடினாள். கை. தோள். முகம். வாய் திறந்திருந்தது. மூக்கில் விரலை வைத்தாள். காற்று இல்லை. உலுக்கினாள். நெஞ்சில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. "ஷாமளா! எந்தங்கமே! ஷாமளா!"

மேடையில் பித்தளைத் தட்டு நகர்ந்தது. மெதுவாக. அவள் பக்கமாக.

அன்று விளக்கு ஏற்றியதோடு சரி, மணியடித்துச் சூடம் காட்டுகிற நேரம் தாண்டிவிட்டிருந்தது.

அவளுக்குப் புரிந்தது. வேண்டாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கை தீப்பெட்டியைத் தேடியது. முதல் குச்சி ஒடிந்தது. அடுத்தது பற்றியது. சூடம் எரிந்தது. காலடியில் ஷாமளா இழுத்து மூச்சு வாங்கினாள்.

அம்சவள்ளி தட்டைச் சுற்றினாள். மணியடித்தாள். சுற்றுவதை நிறுத்தினால் மகளின் மூச்சும் நின்றது. மறுபடி சுற்றினாள். சூடப்புகை மேலே போகவில்லை. மேடையின் நடுவில், படங்களுக்கு முன்னால், எதன்மேலோ மோதிப் பிரிந்தது. தலை இருக்க வேண்டிய உயரத்தில். தோள் இருக்க வேண்டிய அகலத்தில். உட்கார்ந்திருந்தது.

திருநீற்றுக் கிண்ணத்தில் மூன்று பள்ளங்கள் விழுந்தன. விரல் பள்ளங்கள். நீறு எழும்பி, காற்றில் மிதந்து, கண்மூடி எழுந்து கைகூப்பி நின்ற ஷாமளாவின் நெற்றியில் மூன்று கோடாக மெல்லப் படிந்தது.

பிறகு கிண்ணத்தில் மறுபடியும் மூன்று பள்ளங்கள்.

நீறு இவள் பக்கம் திரும்பியது. அழுக்குத் தலையணை வாடை முகத்தில் அடித்தது. அம்சவள்ளி மணியை நிறுத்தவில்லை. குனிந்து நெற்றியைக் கொடுத்தாள்.