தூங்குதுன்னு சொல்லணும்

ஏற ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, கோவிந்தசாமிக்கு வலது காலின் சுண்டுவிரல் இல்லாமல் போனதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தான். விரல் இருந்த இடத்தில்தான் இருந்தது, போன வாரம் கொடுவாள் பட்டுக் கறுத்த நகத்தோடு. கிள்ளிப் பார்த்தான். அடுத்தவன் விரலைக் கிள்ளுகிற மாதிரிதான் இருந்தது. மணி எட்டு இருக்கும். பாறையெல்லாம் வெயில் ஏறிக் கிடந்தது. குளிர்மேல் பழியைப் போடவும் வழியில்லை.

முன்னால் நிசார் அஹமது போய்க்கொண்டிருந்தார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் நடத்தும் பெரிய சாயபுவின் இரண்டாவது மகன். மதராசில் காலேஜ் படித்துவிட்டு வந்தவருக்கு மலையேறுகிற பைத்தியம் ஒன்று பிடித்திருந்தது. ரிசர்வ் காட்டுக்குள் ஒத்தப்பாறை உச்சிவரைக்கும் போக பாரஸ்ட் ஆபீசில் சீட்டு வாங்கி வைத்திருந்தார். வழி காட்ட கோவிந்தசாமியைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாகத் தோல் ஊறப்போட ஷாப்புக்குக் கொன்னைப்பட்டை உரித்துக் கொடுக்கிறவனுக்குத் தெரியாத வழியா? மூட்டை தூக்க அவன் தன் பெண்டாட்டியின் தம்பி ரத்தினசாமியைச் சேர்த்துக்கொண்டான். மலையேறப் போனாலும் மச்சினன் தயவு வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"மேல போயி இன்னா எடுத்துட்டு வரணும் சாயபு?" என்று ரத்தினசாமி அடிவாரத்திலேயே கேட்டிருந்தான்.

"ஒண்ணும் எடுக்க வேணாம். பாக்கணும். பாலாறு தெரியும், விரிஞ்சிபுரம் கோபுரம்கூட தெரியுமாம்."

"பாத்துட்டு?"

"எறங்கி வரணும்."

ரத்தினசாமி சிரித்த சிரிப்பில் தலைமேலிருந்த மூட்டை ஆடியது. அவனுக்கு இன்னும் எட்டு நாளில் கல்யாணம். பந்தக்கால் நட்டாயிற்று. இந்தச் சமயத்தில் மலைக்கு எதற்கு என்று அக்காள் பட்டம்மாள் கோவிந்தசாமியை ஒரே பிடியாகப் பிடித்தாள். "கூடப்பொறந்தது அவன் ஒருத்தன் எனக்கு. நீ கூட்டிட்டுப் போற, நீயே கூட்டிட்டு வரணும். நான் வாசப்படியிலதான் இருப்பேன்" என்றாள். காடு எனக்குக் கொல்லைப்புறம் என்று கோவிந்தசாமி சவடாலாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

மலைக்காரர்களின் கடைசிக் குடிசைகளில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். தண்ணீர் கொடுத்த பெண்ணுக்கு இடுப்பில் ஒரு குழந்தை. மூன்று பேருடைய கால்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"மேல போனா காலு சொன்ன பேச்சு கேக்காது. அப்ப காலு தூங்குதுன்னு சொல்லணும். வேற சொல்லு சொல்லாதீங்க. இந்த மலை சொன்னதைச் சொன்னபடி செய்யும்."

"வேற எந்தச் சொல்லு?" என்று நிசார் அஹமது கேட்டார்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டாள்.

எந்தச் சொல் என்று கோவிந்தசாமிக்குத் தெரியும். காட்டில் பாம்பைப் பூச்சி என்றும் புலியைப் பெரியது என்றும் சொல்லிப் பழகியவன். ஆனால் காலேஜ் படித்த சாயபுவுக்கு முன்னால் அதை விளக்கிச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. மச்சினனிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் விளையாட்டுக்கென்றே நாலு தரம் சொல்லுவான் என்று விட்டுவிட்டான்.

மேலே போகப்போகக் காற்று நின்றது. சிள்வண்டு சத்தம், கீழே ஆட்டுக்காரன் கூப்பிடும் சத்தம், பாறையிடுக்கில் ஓணான் ஓடும் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் மூன்று பேருடைய மூச்சும் செருப்புத் தேயும் ஓசையும் மட்டும் மிஞ்சின. நிசார் அஹமது நின்று நின்று தூரக்கண்ணாடியில் பார்த்தார். வெள்ளை மணலாகப் பாலாறு கிடந்தது, ரயில் ஒன்று புகை விட்டுக்கொண்டு போனது. ரத்தினசாமிக்கும் ஒருமுறை கொடுத்தார். "அம்மாடி, எங்கக்கா வாசல்ல குந்தினு இருக்குது மாமா" என்று அவன் பொய் சொன்னான். கோவிந்தசாமி சிரித்தான். சிரித்தது தன் வாய்தானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. காலில் ஐந்து விரலும் போயிருந்தன. கணுக்கால்வரை ஒன்றும் தெரியவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே கொன்னை மரங்கள் நின்றன. கொன்னை இவ்வளவு உயரத்தில் வராது. வந்தாலும் இப்படி வராது. ஒன்றன்பின் ஒன்றாக, பாதையிலேயே, மேலே பார்த்துச் சாய்ந்தபடி. எதுவும் ஆள் உயரத்துக்கு மேல் வளரவில்லை. ஆனால் பட்டை மட்டும் நல்ல தடிமன். கத்தி படாத பட்டை. ஷாப்பில் தோல் ஊறும் குழியில் வருமே, அந்தத் துவர்ப்பு வாடை அங்கே காற்றில்லாமலே மூக்கில் ஏறியது. வாடை வந்ததும் அவனுக்கு வாயில் எச்சில் ஊறியது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

மேற்கிலிருந்து பனிமூட்டம் வந்தது. வேகமாக வரவில்லை. பாறை பாறையாக மூடிக்கொண்டு வந்தது.

ரத்தினசாமி நின்றுவிட்டான். மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தொடையைத் தட்டிப் பார்த்தான்.

"மாமா, ரெண்டு காலும் மரத்துப்போச்சு."

அந்தச் சொல்தான். கோவிந்தசாமி காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. ரத்தினசாமி பழையபடி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"தேச்சு வுடு, சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டு நிசார் அஹமது மேலே ஏறிப் போய்விட்டார். உச்சி நாற்பதடிதான். ஆனால் பனிமூட்டம் அவரை மூடிவிட்டது. அந்தப் பக்கம் பாறை செங்குத்தாக இறங்குகிறது. தெரியாமல் கால் வைத்தால் ஆள் மிஞ்சாது.

"இங்கியே இருடா. அசையாத. சாயபுவக் கூட்டியாந்துடறேன்."

"நான் எங்க அசையறது" என்றான் ரத்தினசாமி.

போய், கையைப் பிடித்து, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு பீடி பிடிக்கிற நேரம். மூட்டை இருந்தது. ரத்தினசாமி இல்லை.

கூப்பிட்டான். குரல் பனிமூட்டத்துக்குள் போய் விழுந்தது. திரும்பி வரவில்லை. நிசார் அஹமதும் கூப்பிட்டார். பக்கத்திலேயே எங்கோ "மாமா" என்று கேட்டது. சாதாரணமாகத்தான் கேட்டது, சோறு கேட்கிற மாதிரி. இரண்டு பேரும் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். பத்தடி போனால் மூட்டையே கண்ணுக்குத் தெரியவில்லை.

பனியில் தேடுகிறவன் முதலில் அடையாளம் வைப்பான். பட்டைக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற மரத்தில் தோள் உயரத்துக்குக் கோவிந்தசாமி கொடுவாளால் இரண்டு கீறல் போட்டான். கொட்டாப்புளியால் நாலு தட்டு தட்டினான். நுனியைப் பிடித்து இழுத்தான். பட்டை வந்தது. மழைக்காலத்தில்கூட இப்படிச் சுலபமாகக் கழன்றதில்லை. அடியில் சிவப்பு. கொன்னைக்கு உள்பட்டை சிவப்புத்தான். ஆனால் சூடாக இருக்காது.

கையிலிருந்த துண்டைத் திருப்பினான். மேல்பக்கத்தில் காலணா அளவுக்கு இரண்டு வட்டத் தழும்பு. அம்மை குத்திய தழும்பு. போன வருஷம் தடுப்பூசிக்காரன் வந்தபோது ரத்தினசாமியை இந்தக் கையால்தான் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னா அது?" என்றார் நிசார் அஹமது.

"பட்ட சாயபு."

அவர் கிட்டே வந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பின்னால் போனார். கால் தடுக்கிக் கீழே உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "மேரே பாவ்... சுன் ஹோ கயே" என்று அழுதார். அவர் வீட்டுப் பேச்சு அது, ரத்தினசாமி தன் காலைப் பற்றிச் சொன்ன அதே சொல். மலைக்கு உருது தெரியாது போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார்.

"வா, போலாம். குடிசைங்களுக்குப் போயி ஆளுங்களக் கூட்டியாரலாம்."

"நீங்க போங்க சாயபு. நான் இவன்கூட இருக்கேன்."

செருப்புச் சத்தம் கீழே கீழே போய் நின்றது.

கோவிந்தசாமிக்குப் பயம் வரவேண்டும். அழுகை வரவேண்டும். எதுவும் வரவில்லை. மரணச் செய்தி வந்த வீட்டில் ஒருவன் அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பானே, அப்படி யோசித்துக்கொண்டிருந்தான். எட்டு நாள் இருக்கிறது. பந்தக்கால் நட்டாயிற்று. பட்டம்மாள் வாசற்படியில் இருப்பாள். உரித்த துண்டை மறுபடி அந்த இடத்தில் வைத்துத் தலைத்துண்டால் சுற்றிக் கட்டினான். ஒட்டவில்லை, கீழே விழுந்தது.

"மாமா."

மரத்திலிருந்துதான் வந்தது.

"வலிக்கல மாமா. இன்னும் கொஞ்சம் உரி. நான் உள்ள இருக்கேன்."

"உள்ள எங்கடா?"

"இங்கதான். பட்டைக்குள்ள. எடுத்தீன்னா வந்துருவேன்."

அவன் பட்டைக்காரன். யோசிக்காமல் கை வேலைக்குப் போனது. மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல். தட்டு. உயர்த்து. இழு. பட்டை பட்டையாக வந்தது. ஒரு துண்டில் மூன்று விரல் ரேகை இருந்தது. ஒன்றில் மயிர் இருந்தது. ஈரப்பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து அடுக்கினான். அப்படித்தான் அடுக்க வேண்டும். வாடை தொண்டைவரை வந்துவிட்டது. தன் முழங்கால் எப்போது போனது, இடுப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. கால் தூங்குது, கால் தூங்குது என்று மூச்சுக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டான்.

கடைசியில் பின்பக்கம் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. உள்ளங்கை அகலம்.

கோவிந்தசாமி நிறுத்தினான்.

எந்த மரத்தையும் அவன் சுற்றிலும் உரித்ததில்லை. ஒரு கை அகலம் பட்டையை விட்டால் மரம் பிழைக்கும். அதையும் எடுத்தால் மூணு மாசத்தில் காய்ந்துவிடும். முதல் நாள் காட்டுக்கு வருகிற ஆளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

"ஒண்ணுதான் பாக்கி மாமா."

"அத எடுத்தா நீ செத்துப்பூடுவடா."

"நான் இன்னா மரமா?" என்று குரல் சிரித்தது. அதே சிரிப்பு. "எடு மாமா. அக்கா காத்துனு இருக்கும்."

மரமாக இருந்தால் விடவேண்டும். மச்சினனாக இருந்தால் எடுக்கவேண்டும். விட்டால் இவன் இங்கே நின்று நூறு வருஷம் பேசிக்கொண்டிருப்பான். வெறுங்கையோடு போய் வாசலில் நிற்க வேண்டும்.

கொடுவாளை வைத்தான்.

தட்டினான்.

இழுத்தான்.

பேச்சு நின்றது. சிரிப்பு நின்றது. வேர் அறுந்த சத்தம் ஒன்று. இன்னொன்று. பாறையில் ஈரமாக ஏதோ மிதித்தது.

"ரத்தினம்?"

ஈரக்கால் இன்னொரு அடி வைத்தது.

"வாடா, போலாம்."

கையை நீட்டினான். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கை வந்தது. பிடித்துக்கொண்டான். சூடா குளிரா என்று தெரியவில்லை. தன் கையிலும் ஒன்றும் தெரியவில்லை. பிடித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

கீழே பாதையில் ஆட்கள் ஏறிவரும் சத்தம். குழந்தை ஒன்று சிணுங்கியது. நிசார் அஹமதின் குரல் பனிமூட்டத்தைத் தாண்டி வந்தது.

"கோவிந்தசாமி, கெடைச்சானா?"

"கெடைச்சிட்டான் சாயபு. கூட்டியாறேன்."

சொல்லிவிட்டுத்தான் மச்சினன் முகத்தை நேராகப் பார்த்தான். முகம் முழுக்கச் சிவப்பாக, வழுவழுவென்று இருந்தது. அதில் இரண்டு கண். இமைகள் பட்டையோடு போய்விட்டன. பனித்துளி ஒன்று கண்ணின் நடுவிலேயே விழுந்து வழிந்தது. கண் சிமிட்டவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது.