பத்து ஆணி

ஆணி பத்து. கிளிப் பதினொன்று.

திங்கட்கிழமை மதியம் அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். பாராசூட் மடிக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்து அன்றோடு எட்டு நாள். குதிக்கும்போது மெயின் பாராசூட் காலை வாரிவிட்டால், ஆளைக் காப்பாற்ற மிஞ்சியிருப்பது முதுகுப் பைக்குள் இருக்கும் ரிசர்வ் பாராசூட் மட்டும்தான். அதை நீள மேசையில் விரித்து, மடிப்பு கலையாமல் கிளிப் போட்டு, பைக்குள் இறக்க இறக்க ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஒரு கிளிப் உள்ளே தங்கினாலும் துணி விரியாது. அதற்காகத்தான் சுவரில் பத்து ஆணி. பத்திலும் கிளிப் தொங்கினால் பைக்கு ஈய முத்திரை வைக்கலாம். ஒன்று குறைந்தால் என்ன செய்வதென்று தெரியும். கூடினால்?

மேசை ஓரத்தில் கிடந்த அந்தப் பதினோராவது கிளிப் பழசு. பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நூல் கைபட்டுப் பிசுபிசுத்து, கிராம்பு வாசம் அடித்தது.

முதலாளியிடம் காட்டினாள். அவர் முகம் செத்துவிட்டது.

“இதை எங்கேர்ந்து எடுத்தே?”

“மேசையில கிடந்துச்சு சார்.”

“பீரோவுல பூட்டி வச்சது மேசைக்கு நடந்து வந்துச்சாக்கும்!”

பிடுங்கிக்கொண்டு போய் மறுபடி பூட்டினார். விஷயத்தை விமான மெக்கானிக்தான் சொன்னார். அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் வாயில் எப்போதும் கிராம்பு இருக்கும். மடித்து முடித்த பையின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தருவார். ஒருநாள் அவர் மடித்த பாராசூட் விரியவில்லை. உள்ளே அவருடைய சிவப்பு நூல் கிளிப் இருந்தது. ஆணி பத்தும் நிறைந்துதான் இருந்தது என்று சாகும்வரை சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை. கடைசியாக அவர் சொன்னது, “அடுத்து இந்த மேசைக்கு வர்றவங்களுக்குப் புரியும்.”

புதன்கிழமை மறுபடி பதினொன்று. அன்று அவள் குனிந்து மடித்துக்கொண்டிருக்கையில், மேசையின் மறுமுனையில் யாரோ துணியிலிருந்து காற்றை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வெளியேற்றுகிற சத்தம், நைலான் நைலானோடு உரசும் அந்த மெல்லிய இழுவை, அவள் கை நகர்ந்தால் நகர்ந்தும் நின்றால் ஒரு கணம் தாமதித்து நின்றும் கூடவே வந்தது. நிமிர்ந்தால் துணி மட்டும் மெதுவாக அமுங்கிக்கொண்டிருந்தது.

கிளிப் விஷயம் பரவிவிட்டது. குதிக்கிறவர்கள் முத்திரையில் பதிந்த அவள் எண்ணைப் பார்த்ததுமே வேறு பையை எடுத்துக்கொண்டார்கள். அவள் காதுபடவே சிரித்தார்கள். அங்கேயே குதிக்கும் அவள் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

“நீ மடிச்சதை நான் மாட்டிக்கிறேன்க்கா. அப்பவாவது இவனுங்க வாயை மூடுறானுங்களா பாப்போம்.”

வெள்ளிக்கிழமை மாலை, கடைசி விமானம். தம்பிக்கான பை. அறையெங்கும் கிராம்பு. மறுமுனையில் அந்த உள்ளங்கை. விமானம் உறுமத் தொடங்க, முதலாளி வாசலில் நின்று கத்தினார். “இன்னும் என்னம்மா அங்க கோலாட்டம்?” கண் வாசலில் இருக்க, கையைப் பின்னால் விட்டு ஆணிகளைத் தடவி எண்ணினாள். பத்தும் நிறைந்திருந்தது. மேசையைப் பார்த்தாள். பதினோராவது இல்லை. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முத்திரை வைத்தாள்.

“வரேன்க்கா.” பையை மாட்டிக்கொண்டு தம்பி ஓடினான்.

விமானச் சத்தம் தேய்ந்த பிறகு, துடைத்து வைக்கலாமென்று கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஏழாவது, விரலில் பிசுக்கென்று ஒட்டியது.

சிவப்பு நூல்.

பத்தில் ஒன்று அது. அப்படியென்றால் அவளுடையவை ஒன்பதுதான். மறுபடி எண்ணினாள். ஒன்பது. ஆணியை எண்ணியிருக்கிறாள், கிளிப்பைப் பார்க்கவில்லை. அவளுடைய பத்தாவது தம்பியின் முதுகில் இருக்கிறது, அவள் வைத்த முத்திரைக்குள்.

கத்தினாள். முதலாளி வயர்லெஸ்ஸை நோக்கி ஓடும் சத்தம் கேட்டது.

ஜன்னல். வானம். புள்ளிகள் உதிரத் தொடங்கிவிட்டன.

ஒன்று விரிந்தது. இரண்டு. மூன்று.

தம்பியின் மஞ்சள் மெயின் பாராசூட், பிழிந்த துணியாக முறுக்கிக்கொண்டது.

“வேணாம்டா. கழட்டாதே. அதையே பிடிச்சுக்கோடா.”

மஞ்சள் துணி தனியே பிரிந்து காற்றில் போனது. கழற்றிவிட்டான். இனி ரிசர்வ்தான்.

புள்ளி விழுந்தது.

விழுந்துகொண்டே இருந்தது.

காதோரம் கிராம்பு வாசம். அவள் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே, ஓர் உள்ளங்கை மெல்லத் தட்டியது.

ஒருமுறை. இன்னொரு முறை.