குடியிருப்பவர் சம்மதம்

மனைவியைக் காணவில்லை என்று அவளுடைய அக்கா புகார் கொடுத்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த வக்கீலின் கண்ணில் அப்போதுதான் பட்டது, வாசற்கதவின் மேல் தாழ்ப்பாள் பாதி விலகியிருந்தது.

அவன் அதை முழுதாகத்தான் போட்டிருந்தான். அது அவனுடைய உயரத்துக்கு அடித்த தாழ்ப்பாள். மனைவிக்கு எட்டக்கூடாது என்றே கல்யாணமான புதிதில் தச்சரைக் கூப்பிட்டு அங்கே வைக்கச் சொன்னான். ஆறு வருடத்தில் அவள் யாருக்கும் கதவைத் திறந்ததில்லை. யாரையும் "வாங்க" என்று சொன்னதில்லை. அவளுடைய அக்கா வந்தால்கூட ஜன்னல் கம்பி வழியாகத்தான் பேச்சு. இந்த வாரம் ஜன்னலும் திறக்காமல் போகவே, அக்கா நேராகப் போலீசுக்குப் போய்விட்டாள்.

எழுந்து தாழ்ப்பாளைத் தள்ளினான். இரும்பு ஈரமாக இருந்தது.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். தெருவில் ஜீப் நின்றது. பெண் இன்ஸ்பெக்டர் அதில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் அக்கா. நேற்றிலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள்.

நேற்று வாசற்படியில் நின்று அவர்களுக்குப் பாடமே எடுத்திருந்தான்.

"வீட்டைச் சோதனை போட மூணு வழிதான் இருக்கு, மேடம். கோர்ட் உத்தரவு. இல்லேன்னா குடியிருக்கிறவங்க சம்மதம். அதுவும் இல்லேன்னா, உள்ளே ஒரு உயிர் ஆபத்துல இருக்குன்னு நம்பக் காரணம். அலறல் கேட்டுச்சா? ரத்தம் பார்த்தீங்களா? மூணுல எது இருக்கு உங்ககிட்ட?"

"அந்த ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க சார். ஒண்ணும் காதுல விழல."

"என் வீடு. என் ரேடியோ."

"ரேடியோவுக்கு இருக்கிற குரல்கூட என் தங்கச்சிக்கு இந்த வீட்டுல இருந்ததில்ல, மாப்பிள்ளை" என்றாள் அக்கா.

"கோவிச்சுக்கிட்டுப் போனவ கோவம் தீர்ந்ததும் வருவா, அண்ணி. அவ துணிமணி எல்லாம் இங்கதான் இருக்கு. இது அவ வீடு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ அவங்களும் இங்க குடியிருக்கிறவங்கதான். அப்படித்தானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"சரி சார். உத்தரவு வர்ற வரைக்கும் தெருவுல நிக்கிறோம். தெரு உங்க வீடு இல்லையே."

நேற்று முழுக்க ரேடியோ அலறியது. இன்று அது தேவைப்படவில்லை. காலையிலிருந்தே வீடு அமைதியாகத்தான் இருந்தது.

நாற்காலிக்குத் திரும்பினான். குளிக்காத உடம்பின் புளித்த வாடைக்கு மேலே, சமையலறைப் பக்கமிருந்து காயாத சிமெண்டின் மணமும், வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீரின் பாசி நாற்றமும் தரையோடு தவழ்ந்து வந்து காலடியில் தேங்கின. அந்தப் பக்கம் அவன் போவதில்லை. குழாய்த் தண்ணீரைத் தொடுவதுமில்லை. கடையில் வாங்கிய தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மூன்று வழிகளையும் இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். உத்தரவு இன்னும் வரவில்லை. சம்மதம் அவன் தரப்போவதில்லை. உள்ளே ஆபத்தில் இருக்கும் உயிர் என்று எதுவும் இப்போது இல்லை.

அதில் பொய்யே இல்லை. லேசாகச் சிரிப்பு வந்தது.

சமையலறையில் ஏதோ விரிசல் விட்டது.

காய்கிற சிமெண்ட் அப்படித்தான் சத்தம் போடும் என்று நினைத்தான். பிறகு தண்ணீர் சொட்டியது. பிறகு ஈரமான உள்ளங்கால் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம், அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, இந்த வீட்டில் எந்த நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரிந்த நடையாக, கூடத்துக்குள் வந்தது.

யாரும் இல்லை.

தடம் மட்டும் இருந்தது. சாம்பல் நிறத்தில். சிறிய பாதங்கள்.

அவனைத் தாண்டிப் போயின. திரும்பவில்லை. கதவடியில் நின்றன.

அங்கே குதிகால் மறைந்தது. விரல் தடம் மட்டும். பத்து விரல். எம்பி நிற்கிறாள்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

வேண்டாம் என்று கத்தப் பார்த்தான். வாய் நிறையத் தண்ணீர். பாசி. சிமெண்ட் தூள். குரல் வரவில்லை.

கதவு விரியத் திறந்தது.

"யாரது?" தெருவிலிருந்து இன்ஸ்பெக்டர்.

"நான்தான் மேடம். வீட்டுக்காரி." குரல் அவன் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பேசிப் பழகிய அதே தணிந்த குரல். "உள்ளே வாங்க."

இன்ஸ்பெக்டர் ஓடி வந்து படியில் நின்றாள். திறந்த கதவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நடுவில் யாரும் இல்லை. படியைத் தாண்டாமல் கேட்டாள். "நீங்க சம்மதிக்கிறீங்களாம்மா?"

"சம்மதம்."

அக்கா அவளைத் தள்ளிக்கொண்டு படியேறினாள். "பாப்பா! எங்கடி இருக்கே?"

நிலைப்படியைத் தாண்டித் தண்ணீர் வழிந்தது.

"சமையலறைத் தரைக்கடியில, தொட்டியிலக்கா. நேத்து நீ வாசல்ல நின்னப்ப எனக்கு உயிர் இருந்துச்சு. தட்டினேன். இவருக்குக் கேட்டுச்சு."